மாரடைப்பில் இறந்த இதயத்தசையை ஸ்டெம் செல்களால் மீட்க முடியுமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் தந்தைக்கு 61 வயது. ஓராண்டுக்கு முன் பெரிய மாரடைப்பு வந்திருக்கிறது. ஸ்டென்ட் வைத்த பிறகும் எக்கோவில் ‘பம்பிங்’ (ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை வெளியே தள்ளும் இரத்தத்தின் பங்கு) 30 சதவீதத்தைத் தாண்டவில்லை. அவருடைய எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல் (பிற வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) எடுத்து இதயத்தில் செலுத்தினால் இறந்த தசை மீண்டும் வளரும் என்று சொல்லி ஒரு சிகிச்சை நிலையம் பல லட்சம் ரூபாய் கேட்கிறது. ஜப்பானிலும் ஜெர்மனியிலும் இதயத்தசையையே ஆய்வகத்தில் வளர்த்துப் பொருத்துவதாகப் படித்தோமே, இதுவும் அதுவும் ஒன்றுதானா என்று மகன் கேட்கிறார்.

ஒன்றல்ல. முதலாவது, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சோதித்துப் பார்த்தும் சொன்ன பலனைத் தராத வழி. இரண்டாவது, மெய்யாகவே புதிய தசையை உண்டாக்க முயலும் வழி. அது இன்னும் ஆய்வு நிலையில் இருக்கிறது. இரண்டிலும் ‘ஸ்டெம் செல்’ என்ற சொல் பொதுவாக இருப்பதால், ஒன்றைப் பற்றிய நல்ல செய்தியைக் காட்டி மற்றொன்றை விற்க முடிகிறது. இதயத்தசைச் செல்களை ஆய்வகத்தில் வளர்ப்பதையே பல ஆண்டுகள் தொழிலாகக் கொண்டிருந்தவன் என்ற முறையில், இந்த வேறுபாட்டைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

இதயத்தின் இடது கீழறையில் ஏறத்தாழ 200 முதல் 400 கோடி தசைச் செல்கள் இருக்கின்றன. ஒரு பெரிய மாரடைப்பில் அவற்றில் 100 கோடி வரை சில மணி நேரத்துக்குள் இறந்துவிடக்கூடும். இறந்த இடத்தைக் கொலாஜன் நார்கள் நிறைந்த தழும்பு நிரப்புகிறது. இந்தத் தழும்பைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அது உருவாகாவிட்டால் இதயச் சுவரே கிழிந்துவிடும். ஆனால் தழும்பு சுருங்கி விரியாது, மின்துடிப்பையும் ஒழுங்காகக் கடத்தாது. அதன் பங்கு வேலையையும் சேர்த்துச் செய்யும் எஞ்சிய தசை நாளடைவில் களைத்துப்போக, அறை விரிந்து, சுவர் மெலிந்து, இதயச் செயலிழப்பு என்ற நிலை வருகிறது.

தோலும் கல்லீரலும் தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும்போது இதயத்தால் ஏன் முடியவில்லை என்று கேட்கலாம். முடிகிறது, ஆனால் மிக மிக மெதுவாக. இதை ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த யோனாஸ் ஃப்ரிசெனும் அவருடைய குழுவினரும் 2009இல் கண்டறிந்த விதம் எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் திறந்த வெளியில் நடத்தப்பட்ட அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் கார்பன்–14இன் அளவு திடீரென உயர்ந்து, பிறகு படிப்படியாகக் குறைந்தது. செடிகள் வழியாக உணவிலும், உணவு வழியாக மனித உடலிலும் அது சேர்ந்தது. ஒரு செல் எந்த ஆண்டில் பிறந்ததோ அந்த ஆண்டின் கார்பன் அளவு அதன் டி.என்.ஏ.வில் முத்திரைபோலப் பதிந்திருக்கும். சோதனைகளுக்கு முன்பே பிறந்தவர்களின் இதயச் செல்களிலும் அந்த முத்திரை இருந்ததால், பிறந்த பிறகும் புதிய இதயச் செல்கள் தோன்றுகின்றன என்பது உறுதியானது. 25 வயதில் ஆண்டுக்கு 1 சதவீதம், 75 வயதில் 0.45 சதவீதம் என்பது அவர்கள் கணக்கிட்ட வேகம். 100 கோடி செல்களின் இழப்பை இந்த வேகம் ஈடுகட்டாது. வரிக்குதிரை மீன் தன் கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டி எடுத்தாலும் இரண்டு மாதங்களில் வளர்த்துக்கொள்கிறது. எலிக்குட்டிக்குப் பிறந்த முதல் நாளில் அந்த ஆற்றல் இருக்கிறது, ஏழாம் நாளில் போய்விடுகிறது.

உடலால் இயலாததை வெளியிலிருந்து செல்களைக் கொடுத்து நிறைவேற்றலாம் என்ற எண்ணம் 2001இல் வேகம் பெற்றது. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஒருவகைச் செல்களை எலியின் இதயத்தில் செலுத்தினால் அவை இதயத்தசையாகவே மாறுகின்றன என்று இதய ஆய்வாளர் பியரோ அன்வெர்சாவின் குழு அந்த ஆண்டு அறிவித்தது. உலகெங்கும் மருத்துவர்கள் நோயாளிகளிடம் இதை முயன்று பார்க்கத் தொடங்கினார்கள்; எலியில் கண்டது உண்மைதானா என்று பிறர் சரிபார்த்து முடிக்கும்வரை யாரும் காத்திருக்கவில்லை. 2004இல் இரண்டு தனித்தனிக் குழுக்கள் அதே சோதனையைக் கவனமாகச் செய்து பார்த்து, மஜ்ஜைச் செல்கள் இதயத்தசையாக மாறவே இல்லை என்று காட்டின. ஆனாலும் அன்வெர்சாவின் குழு இதயத்துக்குள்ளேயே ஸ்டெம் செல் இருக்கிறது என்ற அடுத்த கூற்றை முன்வைக்க, அதன் அடிப்படையிலும் நோயாளிகளிடம் ஆய்வுகள் நடந்தன. 2018இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியும் அதனோடு இணைந்த மருத்துவமனையும் விசாரணையின் முடிவில், அவருடைய ஆய்வகத்தின் 31 கட்டுரைகளில் தரவுகள் திரிக்கப்பட்டோ புனையப்பட்டோ இருப்பதாகக் கூறி, அவற்றைத் திரும்பப் பெறும்படி இதழ்களைக் கேட்டுக்கொண்டன. இதை எழுதும்போது எனக்கு இன்றும் மனம் வலிக்கிறது. அந்தக் கட்டுரைகளை நம்பித் தம் இதயத்தையே ஆய்வுக்குத் தந்தவர்கள் உங்கள் தந்தையைப் போன்றவர்கள்.

அதற்காக மஜ்ஜைச் செல் ஆய்வுகள் எல்லாமே மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. நேர்மையாக நடத்தப்பட்ட ஆய்வுகள் பல உண்டு. அவற்றில் பலன் சில சதவீதம் கூடியும் குறைந்தும் தெரிந்தது, பெரிதாக எதுவும் நிலைக்கவில்லை. ஐரோப்பாவில் 3,000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டுத் தொடங்கிய ஆய்வு 375 பேரோடு நின்றுபோனது. சிறிதாகத் தெரிந்த அந்தப் பலனுக்கும் காரணம் வேறாக இருக்கலாம் என்பதை 2020இல் ஜெஃப்ரி மோல்கென்டின் குழு எலிகளில் காட்டியது. உயிருள்ள ஸ்டெம் செல்களுக்குப் பதிலாக இறந்த செல்களைச் செலுத்தினாலும், ஈஸ்டின் செல்சுவரிலிருந்து எடுத்த சைமோசான் என்ற பொருளைச் செலுத்தினாலும் கிட்டத்தட்ட அதே பலன் கிடைத்தது. ஊசி குத்திய இடத்தில் வரும் அழற்சியைத் தொடர்ந்து நோய் எதிர்ப்புச் செல்கள் அங்கே கூடித் தழும்பின் தன்மையைச் சற்று மாற்றுகின்றன. புதிய தசை எதுவும் பிறப்பதில்லை. உங்களிடம் பேசும் சிகிச்சை நிலையம் ‘தசை மீண்டும் வளரும்’ என்று சொல்வது இந்த இடத்தில்தான் பொய்யாகிறது.

அப்படியானால் மெய்யான இதயத்தசைச் செல் எங்கிருந்து வரும்? எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய மனிதக் கரு ஸ்டெம் செல்களை 1998இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் முதன்முதலில் பிரித்து வளர்த்தார். ஜப்பானின் ஷின்யா யமனாகா 2006இல் எலியிலும் 2007இல் மனிதனிலும் சாதாரணத் தோல் செல்லை நான்கு மரபணுக்களின் உதவியால் அதே நிலைக்குத் திருப்பிக் காட்டினார். 2012இன் நோபல் பரிசு அவருக்கும் ஜான் குர்டனுக்கும் கிடைத்தது. இப்படித் திருப்பிய செல்களுக்கு ஐ.பி.எஸ். செல்கள் என்று பெயர். அவற்றைத் தசையாக்கும் முறையை, கருவுக்குள் இதயம் உருவாகும் வரிசையைப் பின்பற்றியே அமைத்திருக்கிறார்கள். டபிள்யூ.என்.டி. என்ற சமிக்ஞையை முதல் நாளில் ஒரு வேதிப்பொருளால் தூண்டி, மூன்றாம் நாளில் இன்னொன்றால் அடக்கினால், எட்டாம் நாள் அளவில் தட்டில் துடிப்பு தொடங்கும்.

அதை முதன்முறை பார்த்த காலையை நான் மறக்கவில்லை. முந்தைய மாலைவரை அசையாமல் கிடந்த தட்டை இன்குபேட்டரிலிருந்து எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். ஓரமாக ஒரு சிறு திட்டு மட்டும் துடித்தது, நின்றது, மீண்டும் துடித்தது. சற்றுத் தள்ளி இன்னொரு திட்டு தனக்கென ஒரு தாளத்தில் துடித்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து இடையிலிருந்த வெளியைச் செல்கள் நிரப்பி இரண்டும் தொட்டுக்கொண்டதும், இரு தாளமும் ஒன்றாகிவிட்டன. யாரும் கட்டளையிடாமல் நடந்த அந்த ஒத்திசைவைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது. ஆனால் எந்தத் துடிப்பைப் பார்த்து நெகிழ்ந்தேனோ அந்தத் துடிப்புதான் இந்தச் சிகிச்சையின் பெரிய இடர் என்பதைப் பிறகு கற்றுக்கொண்டேன்.

வளர்ந்த மனிதனின் கீழறைத் தசை தானாகத் துடிப்பதில்லை. மேலிருந்து மின்துடிப்பு வரும்வரை காத்திருந்து, வந்ததும் சுருங்கும். தட்டில் வளர்ந்த செல்களோ சிசுவின் செல்களைப் போன்றவை, தாமாகவே துடிப்பவை. அவற்றை ஊசியால் இதயத்தில் செலுத்தினால் இதயத்தின் தாளத்துக்குள் இன்னொரு தாளம் புகுந்துவிடுகிறது. 2014இல் சியாட்டிலில் சார்லஸ் மரி குழு குரங்குகளின் இதயத்தில் 100 கோடி மனித இதயத்தசைச் செல்களைச் செலுத்தியது. தழும்புக்குள் மனிதத் தசை உண்மையாகவே வளர்ந்தது. குரங்கின் இரத்தக்குழாய்கள் அதற்குள் ஓடின. இரு தசைகளும் மின்னிணைப்பும் பெற்றன. கூடவே சீரற்ற இதயத்துடிப்பும் வந்தது. அதே குழு பின்னர் மூன்று மரபணுக்களை நீக்கி, ஒன்றின் செயலைக் கூட்டி, தானாகத் துடிக்காத செல்களை உருவாக்கி 2023இல் வெளியிட்டது. அந்த வழியை நான் மிகுந்த நம்பிக்கையோடு கவனித்து வருகிறேன்.

ஊசியில் இன்னொரு குறையும் உண்டு. நிமிடத்துக்கு எழுபது முறை சுருங்கும் தசையில் துளையிட்டுத் திரவத்தைச் செலுத்தினால், அதில் பெரும்பகுதி வந்த துளை வழியாகவே வெளியேறும் அல்லது இரத்தக்குழாய்களில் அடித்துச் செல்லப்படும். தங்கியவையும் பிராணவாயு குறைந்த தழும்புக்குள், பற்றிக்கொள்ள ஏதுமின்றி மடிகின்றன. பத்தில் ஒரு பங்கு தங்கினாலே அதிகம். செல்களை உதிரியாகக் கொடுக்காமல், ஒன்றோடொன்று கைகோத்த திசுவாக வெளியிலேயே உருவாக்கி இதயத்தின்மேல் பொருத்தலாம் என்ற எண்ணம் இங்கிருந்து பிறந்ததுதான். திசுப் பொறியியல் என்று இதைத்தான் சொல்கிறோம்.

ஜப்பான் எடுத்துக்கொண்ட வழி மிக அழகானது. வளர்ப்புத் தட்டில் ஒட்டியிருக்கும் செல்களைப் பெயர்த்தெடுக்க வழக்கமாக ஒரு நொதியை ஊற்றுவோம். அது செல்களுக்கிடையிலான பிணைப்புகளையும் சேர்த்து அறுத்துவிடும். டோக்கியோவில் தெருவோ ஒகானோ தட்டின் பரப்பில் வெப்பத்துக்கேற்பத் தன்மை மாறும் ஒரு பாலிமரைப் பூசினார். 37 டிகிரியில் அந்தப் பரப்பு நீரை விலக்குவதால் செல்கள் அதில் ஒட்டி வளரும். தட்டை 32 டிகிரிக்குக் கீழே குளிரவிட்டால் பரப்பு நீரை ஏற்று உப்ப, செல்கள் ஒரே தாளாக, பிணைப்பு எதுவும் அறுபடாமல் கழன்று மிதக்கும். அடிப்பக்கத்தில் அவையே சுரந்த பசையும் அப்படியே இருக்கும் என்பதால் தையல்கூட வேண்டாம், இதயத்தின்மேல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். ஒசாகா பல்கலைக்கழகத்தில் யோஷிகி சாவாவின் குழு 2020 ஜனவரியில் ஐ.பி.எஸ். செல்களிலிருந்து உருவாக்கிய, சுமார் 10 கோடி இதயத்தசைச் செல்கள் கொண்ட தாள்களை முதல் நோயாளிக்குப் பொருத்தியது. 8 பேரிடம் ஆய்வு முடிந்து, 2025 ஏப்ரலில் ஜப்பானிய அரசிடம் ஒப்புதலுக்கு விண்ணப்பித்தார்கள். அதே ஆண்டு ஒசாகா உலகக் கண்காட்சியில் அந்தத் தாள் துடிப்பதைப் பொதுமக்கள் பார்த்தார்கள்.

இந்தச் சாதனையை மதிக்கிறேன். ஆயினும் அந்தத் தாள் மிக மெல்லியது. அது இதயத்தோடு சேர்ந்து சுருங்கிப் பளு தூக்குவதைவிட, புதிய இரத்தக்குழாய்களைத் தூண்டும் புரதங்களைச் சுரந்து களைத்த தசைக்கு உதவுவதே அதன் முதன்மையான பயன். ஒப்பீட்டுக் குழு இல்லாமல் 8 பேரிடம் கண்ட முன்னேற்றத்தை வைத்து உறுதியான முடிவுக்கு வர முடியாது என்பதே என் கருத்து. பாரிஸில் ஃபிலிப் மெனாஷே 2014 முதல் 6 பேருக்கு, கரு ஸ்டெம் செல்லிலிருந்து வந்த இளம் இதயச் செல்களை ஃபைப்ரின் ஒட்டில் பதித்துப் பொருத்திய ஆய்வும் முதன்மையாகப் பாதுகாப்பைப் பார்ப்பதற்கே நடந்தது.

தசையைத் தசையாகவே கொடுக்க முயல்வது ஜெர்மனியின் கோட்டிங்கன் குழு. வோல்ஃப்ராம்–ஹூபர்ட்டஸ் சிம்மர்மன் 1990களில் ஹாம்பர்க்கில் தாமஸ் எஷென்ஹாகனோடு சேர்ந்து பணியாற்றிய காலத்திலிருந்து ஒரே திசையில் நடந்துவருபவர். இதயத்தசைச் செல்களையும், நார்களை உருவாக்கும் துணைச் செல்களையும் சரியான விகிதத்தில் கொலாஜன் கூழில் கலந்து வார்த்து, கூழ் இறுகியதும் இழுவிசையில் நிறுத்துகிறார்கள். இழுபடும் திசையிலேயே செல்கள் நீண்டு வரிசைப்படுகின்றன. சில வாரங்களில் அந்தக் கூழ் தன்னைத் தாங்கியிருக்கும் தூண்களை வளைத்து இழுக்கும் அளவுக்கு விசை பெறுகிறது. துணைச் செல்கள் இல்லாமல் தசைச் செல்களை மட்டும் வார்த்தால் திசு உருவாகாது. தூய தசைச் செல்லே மேலானது என்று ஒரு காலத்தில் நானும் நினைத்தேன். செங்கல்லை மட்டும் அடுக்கிவிட்டுச் சுவர் என்று சொல்ல முடியாது என்பது வார்த்த திசு இரண்டு முறை கையில் உதிர்ந்தபோதுதான் புரிந்தது.

2025 ஜனவரியில் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில், குரங்குகளின் இதயத்தில் இந்த ஒட்டுகள் ஆறு மாதம்வரை நிலைத்து நின்றதும், துடிப்புக் கோளாறோ கட்டியோ தோன்றாததும் பதிவாகியிருந்தன. அதைவிட முக்கியமானது மனித நோயாளி ஒருவரைப் பற்றிய பகுதி. இதயச் செயலிழப்பு முற்றிய 46 வயதுப் பெண் ஒருவருக்கு 10 திசுத் துண்டுகளால் ஆன, மொத்தம் 40 கோடி செல்கள் கொண்ட ஒட்டைப் பொருத்தினார்கள். மூன்று மாதம் கழித்து அவருக்கு மாற்று இதயம் கிடைத்தது. எடுக்கப்பட்ட பழைய இதயத்தை ஆராய்ந்தபோது, ஒட்டில் இருந்த தசை உயிரோடு இருந்ததையும், அவருடைய சொந்த இரத்தக்குழாய்கள் அதற்குள் வளர்ந்திருந்ததையும் கண்டார்கள். எக்கோவின் எண்களை எத்தனையோ விதமாக விளக்கலாம். ஒரு மனித இதயத்தின்மேல் புதிதாகப் பொருத்திய தசை உயிரோடு நிற்பதைத் திசுவையே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தது அதுவரை இந்தத் துறைக்குக் கிடைக்காத சான்று. பிறருடைய செல்களிலிருந்து செய்த ஒட்டு என்பதால் நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை நோயாளி தொடர்ந்து உட்கொள்ள வேண்டும்; இந்தச் சுமையை மறைத்துவிட்டு இதைப் பற்றிப் பேசக் கூடாது.

ஒட்டை இன்னும் தடிமனாகச் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். அங்கே இரத்தக்குழாய் தடையாக நிற்கிறது. பிராணவாயு திசுவுக்குள் தானாகப் பரவும் தொலைவு 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர்தான், இடது கீழறையின் சுவரோ ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். இதற்காக மினசோட்டாவில் டோரிஸ் டெய்லர் 2008இல் இறந்த எலியின் இதயத்தைச் சோப்புத் திரவத்தால் கழுவிச் செல்களையெல்லாம் நீக்கி, வெளிறிய கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு, அதில் புதிய செல்களை விதைத்தார். எட்டாம் நாளில் அது துடித்தது, வளர்ந்த எலி இதயத்தின் ஆற்றலில் சுமார் 2 சதவீத அளவுக்கு. 2017இல் பாலக்கீரையின் இலையை அதேபோல் கழுவி, அதன் நரம்புகளை இரத்தக்குழாய்களாகப் பயன்படுத்திப் பார்த்தார்கள். 2019இல் டெல் அவீவில் மனிதச் செல்களிலிருந்து ஒரு சிறு இதயத்தை முப்பரிமாணத்தில் அச்சிட்டார்கள். வடிவம் இருந்தது, இரத்தத்தை இறைக்கும் திறன் இல்லை. ‘ஆய்வகத்தில் இதயம் தயார்’ என்ற தலைப்புகளை அடுத்தமுறை காணும்போது அந்த 2 சதவீதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் தந்தைக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டுதலின்படி, இரத்த நோய்கள் போன்ற ஏற்கப்பட்ட நிலைகளுக்கான மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தவிர, ஸ்டெம் செல்லின் பிற பயன்பாடுகள் ஆய்வாகவே கருதப்படும்; ஆய்வு என்றால் முறையான அனுமதியும் பதிவும் வேண்டும், அதில் சேரும் நோயாளியிடம் அந்தச் சிகிச்சைக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. எனவே அந்த நிலையத்தாரிடம் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் தங்கள் ஆய்வின் பதிவெண் என்ன, நெறிமுறைக் குழு எது, செலுத்தப்போகும் செல் எது, அது தசையாக மாறும் என்பதற்கு என்ன சான்று என்று எழுத்தில் கேளுங்கள்.

அதற்கிடையில் செய்ய வேண்டியவை நிறையவே உள்ளன. பம்பிங் குறைந்த இதயத்துக்கு ஆயுளை நீட்டிக்கும் என்று பெரிய ஆய்வுகளில் நிறுவப்பட்ட நான்கு வகை மருந்துகள் இன்று இருக்கின்றன: சாகுபிட்ரில்–வல்சார்டான், பீட்டா பிளாக்கர், ஸ்பைரனோலாக்டோன் வகை, டாபாகிளிஃப்ளோசின் வகை. நான்கையும் அவருடைய இரத்த அழுத்தமும் சிறுநீரகமும் தாங்கும் அளவுவரை கொடுத்திருக்கிறார்களா என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள்; போதிய அளவை எட்டியபின் பம்பிங் கணிசமாக உயர்ந்தவர்கள் பலர் உண்டு. மருந்து கொடுத்தும் மூன்று மாதத்துக்குப் பிறகு 35 சதவீதத்தைத் தாண்டவில்லை என்றால், திடீர் மரணத்தைத் தடுக்கும் ஐ.சி.டி. கருவி பற்றிப் பேச வேண்டும். நிலைமை அதற்கும் மேல் போனால் நீங்கள் தமிழ்நாட்டில் இருப்பதால், மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளை வரிசைப்படி வழங்கும் அரசுத் திட்டத்தில் மாற்று இதயத்துக்குப் பதிவு செய்யலாம். கடைசி எக்கோ அறிக்கையையும், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் எடுத்துக்கொண்டு, இதயச் செயலிழப்புக்கெனத் தனிப் பிரிவு உள்ள ஒரு மருத்துவமனைக்கு இந்த வாரமே அவரை அழைத்துச் செல்லுங்கள். மருந்துகளின் அளவு சரிதானா என்பதை முதல் சந்திப்பிலேயே அங்கே பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.